25 மீட்டர் போட்டிக்கு .22 பிஸ்டல்: உயர்தரத் தயாரிப்புகளை ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

துப்பாக்கி சுடும் சங்கத்தின் பொதுப் பிஸ்டலில் பழகி, இனி சொந்தமாக ஒன்று வாங்கலாம் என்ற நிலைக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது, எந்தப் பிஸ்டல் மிகத் துல்லியமானது என்பதைத்தான். அந்தக் கேள்விக்கு விற்பவரிடம் உடனே பதில் இருக்கும். தொழிற்சாலையில் சுட்டுப் பார்த்த இலக்குத்தாளையும் எடுத்துக் காட்டுவார். ஆயிரம் தோட்டாக்களில் அது எத்தனை முறை சிக்கும் என்று கேட்டால் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. லட்சங்களில் விலை போகும் பிஸ்டல்களிடையே துல்லியத்தில் உள்ள வேறுபாடு சிறியது, நம்பகத்தன்மையில் உள்ள வேறுபாடு பெரியது, ஆனால் அதைக் கண்டுபிடிக்கப் பலர் நினைப்பதைவிட அதிகத் தோட்டாக்கள் செலவாகும் என்பது என் கருத்து. இவ்விரண்டையும் எண்களில் அளந்து ஒப்பிடும் முறையைக் கீழே விளக்குகிறேன்.

விதி வகுத்த எல்லை

மகளிர் 25 மீட்டர் பிஸ்டல், ஆடவர் 25 மீட்டர் ரேப்பிட் ஃபயர் ஆகிய இரண்டு ஒலிம்பிக் போட்டிகளிலும் பயன்படுவது .22 லாங் ரைஃபிள் ரிம்ஃபயர் தோட்டாதான். பிஸ்டலின் எடை 1,400 கிராமைத் தாண்டக் கூடாது, பேரலின் நீளம் 153 மில்லிமீட்டருக்கும் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரம் 220 மில்லிமீட்டருக்கும் மிகக் கூடாது, ட்ரிகர் குறைந்தது 1,000 கிராம் எடையைத் தாங்க வேண்டும், பிஸ்டல் முழுவதும் 300 x 150 x 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும் என்று சர்வதேசக் கூட்டமைப்பான ஐஎஸ்எஸ்எஃப் வரையறுத்திருக்கிறது. எல்லாத் தயாரிப்பாளர்களும் இந்த எல்லைகளுக்கு உட்பட்டே வடிவமைப்பதால், பட்டியலில் உள்ள அளவுகளை அருகருகே எழுதி ஒப்பிடுவதில் பெரிய பயன் இல்லை.

போட்டியின் அமைப்பைக் கவனித்தால், எதை ஒப்பிட வேண்டும் என்பது தானாகவே தெளிவாகும். மகளிர் போட்டியில் முதல் 30 குண்டுகள் துல்லியச் சுற்று. ஐந்து குண்டுகளுக்கு ஐந்து நிமிடம் தருவார்கள், இலக்கின் பத்து வளையத்தின் விட்டம் 50 மில்லிமீட்டர். அடுத்த 30 குண்டுகள் வேகச் சுற்று. இலக்கு மூன்று விநாடி தெரியும், ஏழு விநாடி மறையும், ஒவ்வொரு முறையும் கையைத் தாழ்த்தி வைத்திருந்து உயர்த்தி ஒரு குண்டு சுட வேண்டும். அங்கே பத்து வளையம் 100 மில்லிமீட்டர். ஆடவர் ரேப்பிட் ஃபயரில் ஐந்து இலக்குகளுக்கு ஐந்து குண்டுகளை 8, 6, 4 விநாடிகளில் முடிக்க வேண்டும். நான்கு விநாடிகளில் ஐந்து குண்டு சுடும்போது ஒரு தோட்டா சிக்கிக்கொண்டால் அதைச் சரிசெய்ய நேரமே கிடையாது. பழுது பிஸ்டலுடையது என்று நடுவர் ஏற்றுக்கொண்டால் மீண்டும் சுட வாய்ப்புத் தருவார்கள், ஆனால் அந்தச் சலுகைக்கும் வரம்பு உண்டு. மேகசினை (தோட்டாக்களை அடுக்கிச் செருகும் பெட்டியை) சரியாகச் செருகாததுபோல் சுடுபவரின் கவனக்குறைவு என்றால், சுடாமல் விட்ட ஒவ்வொரு குண்டுக்கும் பூஜ்யம்தான்.

களத்தில் உள்ளவை

ஜெர்மனியின் வால்தர் ஜிஎஸ்பி 1968 முதல் களத்தில் இருக்கிறது. அதன் மேகசின் ட்ரிகருக்கு முன்னால் அமைந்திருப்பதால், கைப்பிடிக்குள் தோட்டாக்களுக்கு வழி விட வேண்டிய கட்டாயம் இல்லாமல், சுடுபவரின் உள்ளங்கைக்கு ஏற்றபடி மரத்தைச் செதுக்க முடிகிறது. இத்தாலியின் பார்டினி எஸ்பி, சுவிட்சர்லாந்தின் மொரினி சிஎம் 22எம், ஜெர்மனியின் ஃபைன்வெர்க்பாவ் ஏடபிள்யூ 93 என்று இன்று போட்டிகளில் தென்படும் பெரும்பாலானவற்றின் அமைப்பு இதுவே. ஏடபிள்யூ 93, ரஷ்ய வடிவமைப்பாளர் யெஃபிம் ஹைதுரோவின் பணியிலிருந்து வந்தது. அதன் உதைப்பு மிருதுவாக இருப்பதைப் பலரும் சொல்வார்கள். பார்டினியின் பேரல் கைக்கு மிக நெருக்கமாகத் தாழ்ந்து அமைந்திருப்பதால் சுட்டவுடன் முனை அதிகம் எகிறுவதில்லை, ரேப்பிட் ஃபயர்காரர்கள் அதை விரும்புவதற்கு அதுவே முக்கியக் காரணம்.

மேகசின் கைப்பிடிக்குள் செல்லும் பழைய வகையில் சுவிஸ் ஹேமர்லி 208எஸ், அமெரிக்காவின் ஸ்மித் அண்ட் வெசன் மாடல் 41 ஆகிய இரண்டும் பெயர் பெற்றவை. 1957இல் விற்பனைக்கு வந்த மாடல் 41, அமெரிக்காவின் புல்ஸ்ஐ போட்டிகளோடு பிணைந்தது. அங்கே ஒற்றைக் கையால் 50 கஜம், 25 கஜம் தூரங்களில் சுடுவார்கள், சிவப்புப் புள்ளியைக் காட்டும் ரெட் டாட் குறிகளுக்கும் அனுமதி உண்டு. ஐஎஸ்எஸ்எஃப் போட்டிகளில் அந்த அனுமதி இல்லை என்பதால், மேற்பகுதியில் குறி பொருத்தும் ரெயில் இருக்கிறதா என்ற கேள்வி நமக்குத் தேவையற்றது. ஹேமர்லி 208எஸ் இன்றும் தங்கம் போலச் சுடும். ஆனால் உற்பத்தி நின்று வெகுகாலம் ஆகிவிட்டது. பழைய பொருள்மேல் உள்ள பிரியத்தில் அதை வாங்குகிறவர், ஒரு எக்ஸ்ட்ராக்டர் (சுட்ட கூட்டை வெளியே இழுக்கும் கொக்கி) உடைந்தால் எங்கே தேடுவது என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்வது நல்லது.

தோட்டாவை முதலில் முடிவு செய்யுங்கள்

பிஸ்டல்களை ஒப்பிடுகிறோம் என்று சொல்லி, ஒன்றில் ஒரு தோட்டாவும் இன்னொன்றில் வேறொரு தோட்டாவும் போட்டுச் சுட்டால், ஒப்பிட்டது எதை என்றே தெரியாது. ரிம்ஃபயர் தோட்டாவில் தீப்பற்றும் ரசாயனம் அடிப்பக்க விளிம்பின் உள்மடிப்பில் மெல்லிய வளையமாகப் பரப்பப்பட்டிருக்கும். அந்த வளையம் எங்காவது மெலிந்திருந்தால், அந்த இடத்தில் ஊசி அடிக்கும்போது தோட்டா வெடிக்காமல் போகலாம், வெடித்தாலும் வேகம் மாறுபடலாம். குண்டு மென்மையான ஈயம். அதன்மேல் மெழுகோ கிரீஸோ பூசியிருக்கும். இவை எல்லாம் ஒரு தயாரிப்புத் தொகுதியிலிருந்து இன்னொரு தொகுதிக்குச் சற்று மாறும் என்பதால்தான், உயர்மட்டப் போட்டியாளர்கள் தோட்டாவின் பெயரை மட்டும் பார்க்காமல் பெட்டியின்மேல் அச்சிட்ட தொகுதி எண்ணையும் பார்த்து வாங்குகிறார்கள்.

சோதனைக்கு மூன்று வகைகள் போதும். ஈலி டெனெக்ஸ், ஆர்டபிள்யூஎஸ் ஆர் 50 போன்ற உச்ச ரகத்தில் ஒன்று, பிஸ்டலுக்கென்றே செய்யப்படும் லாபுவா அல்லது எஸ்கே நிறுவன வகைகளில் ஒன்று, எஸ்கே ஸ்டாண்டர்ட் பிளஸ் அல்லது சிசிஐ ஸ்டாண்டர்ட் வெலாசிட்டி போன்று தினசரிப் பயிற்சிக்குக் கட்டுப்படியாகும் ஒன்று. ஒவ்வொன்றும் ஒரே தொகுதி எண்ணில் இருக்க வேண்டும். ஹை வெலாசிட்டி தோட்டாக்களை இந்த வகைப் பிஸ்டல்களில் போடவே வேண்டாம். இவற்றின் போல்ட்டும் (பேரலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் பாகம்) சுருளும் சாதாரண வேகத் தோட்டாவின் உதைப்புக்கு ஏற்றபடி அமைந்தவை. வேகம் கூடினால் அடி தாங்கும் பஃபர் சீக்கிரம் நைந்துவிடும், துல்லியமும் கூடுவதில்லை.

ஆண்டு முழுவதும் நீங்கள் சுடப்போவது மூன்றாவது வகையைத்தான் என்பதையும் மறக்க வேண்டாம். டெனெக்ஸோடு மட்டும் ஒழுங்காக ஓடி, பயிற்சித் தோட்டாவில் அடிக்கடி சிக்கும் பிஸ்டல், பயிற்சியின் தாளத்தையே கெடுத்துவிடும்.

துல்லியத்தை அளப்பது

கையால் சுட்டுத் துல்லியத்தை ஒப்பிடுவது, சுடுபவரைச் சோதிப்பதாகத்தான் முடியும். சங்கத்தில் ரான்சம் ரெஸ்ட் போன்ற இயந்திரத் தாங்கி இருந்தால் அதில் பொருத்திச் சுடுங்கள். தாங்கியில் பொருத்திய பிறகு முதல் சில குண்டுகளில் பிஸ்டல் தன் இடத்தில் அமரும் என்பதால் அவற்றைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. பேரலைச் சுத்தம் செய்த உடனேயும், தோட்டா வகையை மாற்றிய உடனேயும் இதே போலச் சில குண்டுகளை விட்டுவிட வேண்டும், ஏனென்றால் முந்தைய மெழுகு நீங்கிப் புதிய மெழுகு பேரலில் படியும் வரை குண்டு விழும் இடம் நிலைப்படாது. தாங்கி இல்லையென்றால், மேசையில் மணல்மூட்டை வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்து, சங்கத்தில் நன்றாகச் சுடும் ஒருவரைச் சுடச் சொல்லலாம். எல்லாப் பிஸ்டல்களையும் அதே ஒருவரே, அதே நாளில் சுட வேண்டும்.

எத்தனை குண்டுகள் சுடுவது என்பதில்தான் பெரும்பாலான ஒப்பீடுகள் தவறிப் போகின்றன. ஐந்து குண்டு சுட்டு, மிக விலகிய இரண்டு துளைகளுக்கிடையே உள்ள தூரத்தை அளந்து, இது 18 மில்லிமீட்டர், அது 23 மில்லிமீட்டர், ஆகவே இதுவே சிறந்தது என்று முடிவுக்கு வருவார்கள். ஒரே பிஸ்டலில் ஒரே தோட்டாவை வைத்துத் திரும்பத் திரும்ப ஐந்து குண்டு குரூப் (ஒரே குறியில் சுட்ட துளைகளின் தொகுப்பு) சுட்டாலே, அந்த அளவு தற்செயலாகச் சராசரியிலிருந்து நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஏறி இறங்குவது சாதாரணம். பத்துக் குண்டு குரூப்பில் அந்த ஏற்ற இறக்கம் ஐந்தில் ஒரு பங்காகக் குறையும். எனவே ஒவ்வொரு தோட்டா வகையிலும் பத்துப் பத்தாகக் குறைந்தது மூன்று குரூப் சுட்டு, மூன்றின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துக் குண்டு குரூப் ஐந்து குண்டு குரூப்பைவிடச் சராசரியாக 25 சதவீதம் அகலமாக இருக்கும் என்பதால், ஒருவர் ஐந்தில் அளந்ததையும் இன்னொருவர் பத்தில் அளந்ததையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கக் கூடாது. ஒன்று மட்டும் விலகிப் போனால், அது தோட்டாவின் குறை என்று சொல்லி அதை நீக்கிவிடவும் கூடாது. போட்டியில் அந்தக் குண்டையும் எண்ணத்தான் போகிறார்கள்.

சரி, அப்படிக் கவனமாக அளந்து, ஒரு பிஸ்டல் பத்துக் குண்டில் 19 மில்லிமீட்டரும் இன்னொன்று 27 மில்லிமீட்டரும் தருவதாகக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கடையில் நின்று பார்க்கும்போது இது மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடாகத் தெரியும். இந்த அளவுகளைத் திட்ட விலக்கமாக (குண்டுகள் நடுவிலிருந்து சிதறுவதைக் காட்டும் புள்ளியியல் அளவாக) மாற்றினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டரும் 7 மில்லிமீட்டரும் வரும். கையின் சிதறலும் பிஸ்டலின் சிதறலும் நேரடியாகக் கூடுவதில்லை. இரண்டின் வர்க்கங்களும் கூடி, அதன் வர்க்கமூலமே மொத்தச் சிதறலாகிறது. துல்லியச் சுற்றில் 300க்கு 268 அளவில் எடுப்பவரின் மொத்தச் சிதறல் 33 மில்லிமீட்டரை ஒட்டி இருக்கும். 5ஐ எடுத்துவிட்டு அங்கே 7ஐ வைத்துக் கணக்கிட்டால் அவர் இழப்பது 30 குண்டுகளுக்குச் சேர்த்து அரைப் புள்ளிதான்.

பாரிஸ் 2024 ஒலிம்பிக்கின் 25 மீட்டர் தகுதிச் சுற்றில் இந்திய வீராங்கனை மனு பாக்கர் துல்லியப் பகுதியில் 294 எடுத்தார். அந்த உயரத்தில் இருப்பவரின் மொத்தச் சிதறல் 15 அல்லது 16 மில்லிமீட்டர்தான்; அவருக்கும் அதே மாற்றத்தால் போகக்கூடியது சுமார் ஒரு புள்ளி. இறுதிச் சுற்றுக்குள் நுழைவது ஒரு புள்ளியில் தீர்மானமாகும் அந்த உலகில் இது பொருட்படுத்த வேண்டிய ஒன்று. மாவட்ட, மாநில அளவில் 270 புள்ளிக்கும் 280 புள்ளிக்கும் இடையில் நிற்பவர், குரூப் 8 மில்லிமீட்டர் சிறியது என்பதற்காக மட்டும் கூடுதலாக ஒரு லட்சம் கொடுப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சிக்கல்களை எண்ணுவது

முதலில் பாதுகாப்பு. தோட்டா வெடிக்காமல் போனால் பிஸ்டலின் முனையை இலக்கை நோக்கியே வைத்து, முப்பது விநாடி பொறுத்து, அதன் பிறகே போல்ட்டைத் திறக்க வேண்டும். கண்ணாடியும் காதுக்கவசமும் சோதனை நாளிலும் அவசியம். ஓசை வழக்கத்தைவிடக் குறைவாகக் கேட்டால், பேரலுக்குள் குண்டு தங்கிவிட்டதா என்று பார்க்காமல் அடுத்ததைச் சுடவே கூடாது.

ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு சிக்கலையும் எழுதுங்கள்: எந்த மேகசின், அதில் எத்தனையாவது தோட்டா, எந்த வகைத் தோட்டா, சுத்தம் செய்து எத்தனை தோட்டாக்கள் ஆகியிருந்தன, சிக்கிய விதம் எது. மேகசின்களில் 1, 2 என்று எண்ணைக் குறித்துவிடுங்கள். எல்லாச் சிக்கலும் இரண்டாம் எண் மேகசினில் வருகிறது என்றால் குறை பிஸ்டலில் இல்லை, அந்த மேகசினின் உதட்டிலோ சுருளிலோதான். கடைசித் தோட்டாவில் மட்டும் சிக்கினால் சுருள் தளர்ந்திருக்கக்கூடும். முதல் தோட்டாவிலேயே சிக்கினால் பெரும்பாலும் தோட்டாக்களை அடுக்கிய விதம்தான் காரணம். ரிம்ஃபயர் தோட்டாவின் அடிவிளிம்பு வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் போய்விட்டால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு மேலேறாது. ஐந்தையும் போட்ட பிறகு மேகசினைப் பக்கவாட்டில் பார்த்து, விளிம்புகள் சரியான வரிசையில் இருக்கின்றனவா என்று உறுதிசெய்யும் பழக்கம் இந்த வம்பைத் தவிர்க்கும்.

வெடிக்காத தோட்டா கிடைத்தால் அதைத் தூக்கி எறிய வேண்டாம். பூதக்கண்ணாடியில் அதன் அடிவிளிம்பைப் பாருங்கள். ஊசியின் தடம் விளிம்பின் மடிப்பை நன்றாக நசுக்கி, ஆழமாக, சுடப்பட்ட மற்ற கூடுகளில் உள்ளது போலவே இருந்தால், பிஸ்டல் தன் வேலையைச் செய்துவிட்டது, ரசாயனம்தான் அந்த இடத்தில் இல்லை என்று பொருள். பயிற்சித் தளத்தில், பொறுப்பாளரின் அனுமதியோடு, அந்தத் தோட்டாவைச் சற்றுத் திருப்பி வேறு இடத்தில் ஊசி படும்படி வைத்து மீண்டும் சுட்டால் வழக்கமாக வெடித்துவிடும். அந்தச் சிக்கலைத் தோட்டாவின் கணக்கில் எழுதலாம். தடம் ஆழமில்லாமல் லேசாகக் கீறியது போலவோ, விளிம்பைத் தாண்டி உள்பக்கமாகவோ விழுந்திருந்தால் ஊசி தேய்ந்திருக்கலாம், சுருள் வலுவிழந்திருக்கலாம், அல்லது அழுக்கால் போல்ட் முழுவதும் மூடாமல் இருந்திருக்கலாம்; அது பிஸ்டலின் கணக்கு.

இன்னொரு எளிய சோதனை உண்டு, ஆனால் அதைச் செய்பவர்கள் குறைவு. பிஸ்டலை இலக்குத் திசையில் வைத்து, மேகசினிலிருந்து ஒரு தோட்டாவை, பேரலின் பின்முனையில் அது அமரும் இடமான சேம்பருக்குள் ஏற்றி, சுடாமல் கையாலேயே வெளியே எடுங்கள். ஈயக் குண்டின் மூக்கை விரல்நகத்தால் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் சீவியது போலவோ பள்ளமாகவோ இருந்தால், தோட்டா ஏறும் பாதையில் எங்கோ அது முட்டுகிறது. இன்று அது துல்லியத்தைச் சற்றுக் குறைக்கும். வேறொரு தோட்டாவில், வேறொரு மேகசினில், அதே இடத்தில்தான் நாளை சிக்கும். பட்டியலில் காணப்படும் எந்த எண்ணைவிடவும் இந்தச் சிறு வடு எனக்கு முக்கியமானது.

எண்ணிக்கைக்கு வருவோம். முந்நூறு தோட்டா சுட்டேன், ஒரு முறைகூடச் சிக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் நாம் நிம்மதி அடைகிறோம். சுட்ட எண்ணிக்கையால் மூன்றை வகுத்தால் கிடைப்பதே, 95 சதவீத உறுதியோடு நாம் சொல்லக்கூடிய மேல் எல்லை. அதாவது, 300 தோட்டாக்கள் சிக்காமல் ஓடியது காட்டுவதெல்லாம், சிக்கும் விகிதம் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இருக்காது என்பதை மட்டுமே. நூற்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் 60 குண்டுப் போட்டியைத் தடையின்றி முடிக்கும் வாய்ப்பு 55 சதவீதம்தான். ஆயிரத்துக்கு ஒன்று என்றால் அது 94 சதவீதமாக உயரும். ஆனால் அதை உறுதிசெய்ய 3,000 தோட்டாக்கள் சிக்காமல் ஓட வேண்டும். 50 தோட்டா கொண்ட பெட்டிகளில் அது அறுபது பெட்டி. விலைக்கு வாங்கும் முன் எந்தக் கடையும் அவ்வளவு சுட விடாது, நம் பையும் இடம் தராது.

ஆகவே மற்றவர்களின் அனுபவத்தைத்தான் கணக்காகச் சேர்க்க வேண்டும், ஆனால் அபிப்பிராயமாக அல்ல. அதே மாடலை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் நான்கைந்து பேரிடம், என்ன தோட்டா, மாதம் எவ்வளவு சுடுகிறார்கள், கடைசியாக எப்போது சிக்கியது, அதற்கு முன் எப்போது, எந்த உதிரிப்பாகத்தை மாற்றினார்கள் என்று கேளுங்கள். தேதியோடு பதில் சொல்பவரின் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். "என்னோடது சிக்கவே சிக்காது" என்பவர் பிஸ்டலைப் பாராட்டுகிறாரா, வாங்கிய தன்னைப் பாராட்டிக்கொள்கிறாரா என்று பிரித்தறிவது கடினம்.

சுத்தம் செய்யாமல் எவ்வளவு தூரம் ஓடும் என்பதும் தனியாகச் சோதிக்கத் தக்கது. மெழுகும் கரியும் ஈயத்தூளும் சேம்பரின் விளிம்பிலும் எக்ஸ்ட்ராக்டரின் கொக்கிக்கு அடியிலும் வளையமாகப் படிந்து, முதலில் கூடு வெளியேறுவதைத் தாமதப்படுத்தும், பிறகு கூடு வெளியேறும் வாயிலேயே செங்குத்தாக நின்று போல்ட்டை மூடவிடாமல் தடுக்கும். ஒரு பிஸ்டல் இந்த நிலையை 200இல் அடைகிறதா 600இல் அடைகிறதா என்பதைக் குறித்துக்கொண்டால், போட்டிக்கு எத்தனை நாள் முன்பு சுத்தம் செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். சுத்தம் செய்யும்போது கம்பியை முடிந்தவரை சேம்பர் பக்கமிருந்தே செலுத்துங்கள். முனையின் விளிம்பு தேய்ந்தால் துல்லியம் போய்விடும்.

ட்ரிகரும் பிடியும்

மெக்கானிக்கல் ட்ரிகரா எலக்ட்ரானிக் ட்ரிகரா என்ற விவாதத்துக்கு முடிவே இல்லை. எலக்ட்ரானிக் ட்ரிகர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி விடுபடும், தேய்மானமும் குறைவு. ஆனால் மின்கலமும் மின்சுற்றும் கூடுதலாகப் பார்த்துக்கொள்ள வேண்டியவை. 1,000 கிராம் கட்டாயமாக உள்ள இந்தப் பிரிவில் நல்ல மெக்கானிக்கல் ட்ரிகரே போதும் என்பது என் சார்பு. எதை எடுத்தாலும், பேரலைச் செங்குத்தாக நிறுத்தி எடைக்கல்லை ட்ரிகரில் தொங்கவிட்டுத் தூக்கிப் பாருங்கள். போட்டிக்கு முன் நடுவர் செய்வதும் இதுவே. சரியாக 1,000 கிராமில் அமைத்து வைத்தால் இன்று தாங்கும், நாலு வாரம் கழித்துத் தாங்காமல் போகலாம். சற்று அதிகமாக அமைத்து, அந்த அளவில் எவ்வளவு காலம் நிலைக்கிறது என்று பார்ப்பதே ஒப்பீடு.

பிடியைக் கடையில் ஒரு நிமிடம் பிடித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். கண்ணை மூடிக் கையை உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்தால் முன்குறி பின்குறியின் பிளவுக்குள் நேராக நிற்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே பக்கம் விலகியிருந்தால், பிடியைச் சீவியோ நிரப்பியோ சரிசெய்ய இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். மூன்று விநாடிச் சுற்றில் இதற்குத்தான் புள்ளிகள் போகும், குரூப்பின் அகலத்துக்கு அல்ல. கடற்கரை ஊர்களில் இருப்பவர்கள், வியர்வையிலும் ஈரக்காற்றிலும் மரம் உப்பும், எஃகு துருவேறும் என்பதைக் கணக்கில் கொண்டு, பிடியைக் கழற்றி அடியில் உள்ள எஃகைத் துடைப்பது எவ்வளவு எளிது என்றும் பார்க்கலாம்.

உதிரிப்பாகமும் உரிமமும்

டோக்கியோவில் 2021 ஜூலை 25 அன்று 10 மீட்டர் ஏர் பிஸ்டல் தகுதிச் சுற்றின் நடுவே மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது. சரிசெய்து திரும்புவதற்குள் பல நிமிடங்கள் போய்விட, மீதமுள்ள குண்டுகளை நெருக்கடியில் சுட்டு 575 எடுத்தார். இறுதிச் சுற்று இரண்டு புள்ளியில் கைநழுவியது. அது ஏர் பிஸ்டல்தான். ஆனால் உலகின் மிகச் சிறந்த கருவிகளும் பழுதாகும் என்பதற்கும், மாற்றுப் பாகமும் அதை மாற்றத் தெரிந்த ஆளும் அருகில் இருப்பது பிஸ்டலின் விலையில் சேராத ஒரு மதிப்பு என்பதற்கும் அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

இறுதிப் பட்டியலில் இரண்டு பிஸ்டல்கள் சமமாக நின்றால், பிஸ்டலோடு சேர்த்து இரண்டு கூடுதல் மேகசின், ஊசி, எக்ஸ்ட்ராக்டர், அதன் சுருள், பஃபர் ஆகியவற்றை எது சுலபமாகத் தருகிறதோ அதையே நான் தேர்ந்தெடுப்பேன். உங்கள் சங்கத்தில் மூன்று பேர் பார்டினியும் ஒருவர் மட்டும் மொரினியும் வைத்திருந்தால், வேறு எல்லாம் சமம் என்ற நிலையில், பார்டினிப் பக்கம் சாய்வது புத்திசாலித்தனம். போட்டி நாளில் அவசரத்துக்கு ஒரு மேகசின் கடனாகக் கிடைக்கும்.

இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளும் இதற்குப் பொருந்தும். உரிமமும் இறக்குமதிக்கான அனுமதியும் கையில் வந்த பிறகே பணம் கட்ட வேண்டும். பயன்படுத்திய பிஸ்டலை வாங்குவதாக இருந்தால், உரிமத்தில் உள்ள வரிசை எண் பிஸ்டலின் உடற்சட்டகத்திலும் பேரலிலும் பொறித்த எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, சங்கத் தளத்தில் உங்கள் பயிற்சித் தோட்டாவிலேயே இரண்டு பெட்டி சுட்டு, வெளியே விழுந்த கூடுகளைப் பொறுக்கி, விளிம்பில் உள்ள ஊசித்தடங்கள் எல்லாம் ஒரே ஆழத்தில் இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகு விலை பேசுங்கள்.